மெஷினுக்கும் மூக்கு உண்டு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அரசியல் இல்லை, சினிமா இல்லை. ஏர் ஃபில்டரைப் பற்றியது. "இதுக்கெல்லாம் ஒரு பதிவா சார்?" என்று கேட்கத் தோன்றினால், கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள். ஒரு தொழிலாளியின் கூலியும் உங்கள் வீட்டு ஸ்கூட்டரின் ஆயுளும் இதில் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த புல் தை மாதத்தில் இடுப்பளவு வளர்ந்து காய்ந்து நிற்கும். அப்போது புதுச்சேரியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் புல் வெட்டும் மெஷின் சத்தம் கேட்கும். காலி மனை, பள்ளி மைதானம், பூங்கா, அலுவலக வளாகம் என்று எல்லா இடத்திலும் வேலை நடக்கும். பெரும்பாலும் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் பிரஷ் கட்டர்தான். புல்தரை உள்ள இடங்களில் தள்ளிக்கொண்டு போகும் மெஷின். ஏக்கர் கணக்கில் புல்வெளி இருந்தால் மேலே உட்கார்ந்து சின்ன டிராக்டர் மாதிரி ஓட்டும் மெஷின். உருவம் எதுவானாலும் உள்ளே இருப்பது சின்ன பெட்ரோல் இன்ஜின். அதன் வாயில் ஒரு ஃபில்டர்.

எங்கள் தெருவுக்கு வருடா வருடம் புல் வெட்ட வரும் ஒரு தம்பி இருக்கிறார். மெஷின் அவருடையது, தவணையில் வாங்கியது. இந்த வருடம் அவர் மெஷினைக் கீழே வைத்தபோது கவனித்தேன். ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் மூடி மட்டும் இருந்தது, உள்ளே ஸ்பாஞ்ச் இல்லை.

"எங்க தம்பி ஃபில்டர்?"

"அது அடைச்சிக்குது சார். எடுத்துட்டா நல்லா இழுக்குது."

அவர் சொன்னது பொய் இல்லை. அடைத்துப்போன ஃபில்டரை எடுத்துவிட்டால் இன்ஜின் உண்மையிலேயே நன்றாக இழுக்கும். ஒரு வாரம் இழுக்கும், ஒரு மாதமும் இழுக்கலாம். பிறகு ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், சக்தி குறையும். கடைசியில் மெக்கானிக் "பிஸ்டன், ரிங், போர் எல்லாம் போச்சு" என்பார். அந்தத் தம்பிக்கு அது பல நாள் கூலி. அவர் மிச்சப்படுத்திய ஸ்பாஞ்சின் விலை ஒரு பிரியாணி விலைகூட இராது.

ஏன் இப்படி ஆகிறது? கரும்பலகையில் நான்கு வீச்சு இன்ஜின் படத்தைப் பல வருடங்கள் வரைந்தவன் நான். உறிஞ்சல், அழுத்தம், வெடிப்பு, வெளியேற்றம் என்று பிள்ளைகளும் அழகாக எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். அந்தப் படத்தில் வால்வு இருக்கும், பிஸ்டன் இருக்கும், தீப்பொறி பிளக் இருக்கும். ஃபில்டர் மட்டும் இருக்காது. ஆகவே படத்தில் விட்டுப்போன அந்தப் பாடத்தை இங்கே நடத்திவிடுகிறேன்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காற்றின் எடையோ ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோதான். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. மொட்டை மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் ஒன்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஓய்வாக இருக்கும் மனிதர் ஒரு நாள் முழுக்க மூச்சு விடுவது ஏறத்தாழ 10,000 முதல் 11,000 லிட்டர். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோல் குடிப்பதற்குள் புல் வெட்டும் மெஷின் கிட்டத்தட்ட ஒரு மனிதரின் ஒரு நாள் மூச்சை இழுத்து முடித்துவிடுகிறது. அதுவும் எங்கே நின்றுகொண்டு? தானே கிளப்பிவிட்ட புழுதிக்கு நடுவில் நின்றுகொண்டு. நெடுஞ்சாலையில் போகும் காருக்கு இந்தக் கஷ்டம் கிடையாது.

நம் ஊர்ப் புழுதியையும் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கம் மணல். காலாப்பட்டு, ஆரோவில் பக்கம் செம்மண். பாகூர்ப் பக்கம் வயல் வண்டல். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, சாதாரண இரும்புக்கு 4 அளவில்தான். கடினமானது மென்மையானதைக் கீறும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் இருக்கும் ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்றால் அந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத தூசியும் அதைத் தாண்டிக்கொண்டு இரண்டு பக்கமும் உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

பிரஷ் கட்டர்களில் பல டூ ஸ்ட்ரோக். அதில் உள்ளே போகும் காற்று முதலில் கிராங்க் கேஸ் வழியாகப் போய்த்தான் சிலிண்டருக்கு ஏறும். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டனோடு பேரிங்கும் சேர்ந்து போகும்.

சரி, ஃபில்டரைக் கழற்றி எறிவது தவறு என்று எல்லோரும் ஒப்புக்கொள்வீர்கள். நான் சண்டை போட வந்தது அதற்கு நேர் எதிரான இன்னொரு பழக்கத்தோடு. அதுதான் 'ஏர் அடிச்சு கிளீன் பண்றது'.

ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விடுகிறோம். "ஏர் ஃபில்டரை நல்லா ஏர் அடிச்சு கிளீன் பண்ணிட்டேன் சார்" என்று சொன்னால் நமக்கு மகிழ்ச்சி. கம்ப்ரசர் குழாயைப் பிடித்துப் புஸ்ஸென்று அடிக்கும்போது மேகம் போலப் புழுதி பறக்கிறது. நல்ல வேலை நடந்தது போலத் தோன்றுகிறது. ஆனால் பேப்பர் ஃபில்டர் மீது அந்த வேகத்தில் காற்றடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். மடிப்புகள் விரியும், ஓரத்தில் ஒட்டியிருக்கும் பசை விடும். அதன் பிறகு ஃபில்டர் பார்க்கச் சுத்தமாக இருக்கும், வேலை செய்யாது. புல்வெட்டி இன்ஜின்களுக்குப் பேர்போன பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் கையேடுகளில், அழுத்தக் காற்றாலோ கரைப்பான் திரவத்தாலோ ஃபில்டரைச் சுத்தம் செய்யாதே என்று வெளிப்படையாகவே அச்சடித்திருக்கிறார்கள்.

நம் ஊர் ஸ்கூட்டர்கள் பலவற்றில் வருவது ஆயில் தடவிய காகித ஃபில்டர். தொட்டால் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். அதை ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது. கையேட்டில் சொன்ன தூரம் ஓடியதும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன் தூசியில் அதிகம் ஓடியிருந்தால் முன்னதாகவே மாற்ற வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். புத்தம் புதிய காகித ஃபில்டரைவிட, சில நாள் ஓடி லேசாகத் தூசி படிந்த ஃபில்டர் நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே இன்னொரு சல்லடை போல வேலை செய்யும். காபி வடிகட்டியில் தூள் நன்றாகப் படிந்த பிறகு டிகாக்‌ஷன் தெளிவாக இறங்குவதில்லையா, அது மாதிரி. ஒரு எல்லைக்கு மேல் படிந்தால் அடைத்துக்கொள்ளும் என்பது வேறு. ஆகவே வாரம் ஒருமுறை திறந்து தட்டுவது பராமரிப்பு ஆகாது. திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளியில் இருந்த தூசி உள்பக்கம் விழ ஒரு வாய்ப்பு கொடுக்கிறோம்.

மைலேஜ் விஷயத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். "ஃபில்டர் மாத்தினா மைலேஜ் எகிறும்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனையில், எரிபொருளை இன்ஜெக்‌ஷன் முறையில் செலுத்தும் நவீன கார்களில் அடைத்த ஃபில்டரை மாற்றியதால் மைலேஜில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. வேகமெடுக்கும் திறன்தான் கூடியது. காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு நம் ஸ்கூட்டர்களிலும் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான். ஆகவே மைலேஜ் குறையவில்லையே என்று ஃபில்டரை மறந்துவிடாதீர்கள். ஃபில்டர் காப்பது இன்ஜினின் ஆயுளை.

கார்புரேட்டர் உள்ள புல் வெட்டும் மெஷினில் கதை வேறு. காற்று குறையும், பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கலவை கெட்டியாகும். கரும்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு கூடும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது மெஷினைத் தோளில் சுமப்பவர். அவர் முகத்தில் பெரும்பாலும் ஒரு துண்டுதான் கட்டியிருக்கிறார்.

ஃபெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30 இரவு நம் ஊரை ஒட்டிக் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வண்டிகள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் வேலை செல்ஃப் அடித்துப் பார்த்தது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஃபில்டர் பெட்டிக்குள் புகுந்த தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது இடம் இல்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். செல்ஃப் அடிக்கும் முன் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் உள்ளே தண்ணீர் இருந்ததா என்று தெரிந்திருக்கும். நனைந்த காகித ஃபில்டரை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவதிலும் பயன் இல்லை, அதை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கம் புகுந்தது. வடிந்த பிறகு நின்ற வண்டல் காய்ந்து, முகப் பவுடர் மாதிரிப் புழுதியாகப் பறந்தது. வெள்ளத்தில் தப்பிய வண்டியும் அந்தப் புழுதியைத்தான் உறிஞ்சியது. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஃபில்டரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி செய்முறை. பழக்கதோஷம், எண் போட்டுத்தான் சொல்ல வரும்.

1. இன்ஜினை நிறுத்தி ஆறவிடுங்கள். மூடியைத் திறக்கும் முன் வெளிப்பக்கத்தைத் துணியால் துடையுங்கள். பிரஷ் கட்டர் என்றால் சோக்கை மூடிவிட்டுத் திறந்தால் தூசி உள்ளே விழாது.

2. ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். கையேட்டில் சொல்லியிருந்தால் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிசைந்து, மிச்ச ஆயிலைப் பழைய துணியில் ஒற்றி எடுங்கள். அந்த ஆயில்தான் தூசியைப் பிடிக்கும். பெட்ரோலில் கழுவாதீர்கள். தீ ஆபத்து ஒன்று, ஸ்பாஞ்ச் பொடிந்துபோவது இன்னொன்று.

3. உலர்ந்த காகித ஃபில்டர் என்றால் தரையில் மெதுவாக இரண்டு தட்டு. பிறகு பின்னால் டார்ச் பிடித்துப் பாருங்கள். வெளிச்சமே தெரியவில்லை என்றால் அடைத்துவிட்டது. ஊசிமுனைப் புள்ளியாகப் பளிச்சென்று தெரிந்தால் ஓட்டை. இரண்டுக்கும் மருந்து புது ஃபில்டர். மேலே ஸ்பாஞ்சும் உள்ளே காகிதமும் சேர்ந்து வரும் பெரிய மெஷின்களில் ஸ்பாஞ்சை ஒழுங்காகக் கழுவிவந்தாலே காகிதம் நீண்ட நாள் வரும்.

4. முக்கியமான தேர்வு இதுதான். ஃபில்டருக்கு உள்பக்கம், இன்ஜினுக்குப் போகும் குழாயின் வாயை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் புழுதி வந்தால் ஃபில்டர் தோற்றுவிட்டது என்று அர்த்தம். கிழிந்திருக்கலாம், ரப்பர் ஓரம் சரியாக உட்காராமல் இருக்கலாம், மூடியின் கிளிப் உடைந்திருக்கலாம். நூறு ஓட்டையைத் தடுத்துவிட்டு ஓரத்தில் ஒரு இடுக்கு விட்டால் காற்று அந்த இடுக்கு வழியாகத்தான் போகும்.

5. ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்தால் புழுதியைக் குறை சொல்லாதீர்கள். ஃபோர் ஸ்ட்ரோக் மெஷினில் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருப்பார்கள், அல்லது பிளேடைத் துடைக்க மெஷினைத் தவறான பக்கம் சாய்த்திருப்பார்கள்.

6. கணக்கு கிலோமீட்டரில் இல்லை, மணியில். சின்ன இன்ஜின்களின் கையேடுகளில் ஸ்பாஞ்சுக்கு 25 மணி நேரம் ஒரு வழக்கமான தவணை. தூசியில் அதற்கும் முன்பே பார்க்க வேண்டும். நம் தை மாத வேலைக்கு அன்றன்று மாலை பார்ப்பதே சரி. ஸ்பாஞ்ச் இரண்டு வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது இன்னொன்று வேலை செய்யும்.

"அன்றன்றா? இப்போதுதானே அடிக்கடி திறக்காதே என்றீர்கள்?" என்று கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல் வரும். நல்ல கேள்வி. காகித ஃபில்டரை அடிக்கடி தொடாதீர்கள் என்றேன். ஸ்கூட்டர் தார்ச்சாலையில் போகிறது, புல் வெட்டும் மெஷின் புழுதிக்குள்ளேயே நிற்கிறது. பொருளும் வேறு, வேலை செய்யும் இடமும் வேறு. எது எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் கம்ப்ரசர் குழாயை நீட்டுவதைத்தான் தவறு என்கிறேன்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இந்தத் தவறுக்கு மெக்கானிக்கையும் புல் வெட்டும் தம்பியையும் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாம் கொடுக்கும் கூலியில் ஸ்பாஞ்சுக்கான காசு இருக்கிறதா? "ஒரு மனைக்கு இவ்வளவு" என்று பேரம் பேசி, பெட்ரோல் செலவையும் அவர் தலையில் கட்டிவிட்டு, ஃபில்டர் ஏன் போடவில்லை என்று கேட்டால் என்ன நியாயம்? அரை மணி நேரம் ஸ்பாஞ்ச் கழுவினால் அரை மணி நேரக் கூலி போகிறது. அவர் கணக்கில் ஃபில்டரைக் கழற்றியது முட்டாள்தனம் இல்லை, நாம் வைத்த விலையில் கிடைத்த ஒரே வழி.

ஆகவே மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, மைதானமும் வளாகமும் வைத்திருக்கும் பள்ளிகள், அலுவலகங்கள், குடியிருப்புச் சங்கங்கள். புல் வெட்ட மெஷின் வாங்கும்போதே ஒரு வருடத்துக்கான ஃபில்டரையும் சேர்த்து வாங்குங்கள். ஒப்பந்தத்துக்கு விடுவதானால் ஃபில்டர், பிளக் செலவைத் தனி வரியாகக் கொடுங்கள். மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஃபில்டர் வாங்க ஒப்புதல் கிடைக்காமல் நின்று, பிறகு மெஷினே பழுதாகி ஷெட்டில் துருப்பிடிப்பது யாருக்கும் லாபம் இல்லை.

இரண்டு, வண்டி வைத்திருக்கும் நாம். சர்வீஸ் பில்லில் 'ஏர் ஃபில்டர்' என்று இருந்தால் கழற்றிய பழையதைக் காட்டச் சொல்லுங்கள். "பழசைக் குடுங்கண்ணே, பார்க்கணும்" என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல மெக்கானிக் யாரும் கோபப்பட மாட்டார். பில் போட்டுவிட்டு மாற்றாமல் விடுகிறார்களோ என்ற சந்தேகம் நம்மில் பலருக்கு இருக்கிறது. சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு புழுங்குவதைவிடக் கேட்பது இருவருக்கும் நல்லது.

மூன்று, என் ஆசிரிய நண்பர்கள். இன்ஜின் பாடம் நடத்தும் வாரத்தில் ஒரு பழைய ஃபில்டரையும் ஒரு புது ஃபில்டரையும் வகுப்புக்குக் கொண்டு போங்கள். பின்னால் டார்ச் அடித்துக் காட்டுங்கள். நிறுத்தி வைத்திருக்கும் ஒரு ஸ்கூட்டரின் மூடியைப் பிள்ளைகளே கழற்றி மாட்டட்டும், பெண் பிள்ளைகளும்தான். ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். ஐ.டி.ஐ.க்குப் போகிறவர்களுக்கு மட்டும் உரிய அறிவு இல்லை இது. வீட்டுக்கு வீடு இரு சக்கர வாகனம் நிற்கும் ஊரில் இது வீட்டுப் பாடம்.

எங்கள் தெருத் தம்பிக்கு இரண்டு ஸ்பாஞ்ச் வாங்கிக் கொடுக்கலாம் என்று தெருக்காரர்கள் சிலரிடம் பேசினேன். ஒருவர், "அது அவர் மெஷின், நாம எதுக்கு வாங்கணும் சார்?" என்றார். மெஷின் அவருடையதுதான். வெட்டுகிற புல் நம்முடையது, கிளம்புகிற புழுதியும் நம் மனையின் புழுதி. உங்கள் தெருவில் இந்த வாரம் யாராவது புல் வெட்ட வந்தால் கூலி பேசும்போது ஃபில்டரையும் சேர்த்துப் பேசுங்கள்.

மெக்கானிக் நண்பர்கள், ஐ.டி.ஐ. ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். எல்லோருக்கும் பயன்படும்.